கொட்டிவிட்ட வில்லைகள்

"எனக்கு இது வராது மேடம். விட்டுடறேன்," என்றார் சிவக்கொழுந்து.

பேராசிரியை பியூலா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஆச்சு சார்?"

"இந்தத் தடவையும் சுருங்கிப் போச்சு. பாதிகூட இல்லை. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன்."

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாலிடெக்னிக்கில் வேதியியல் வாத்தியார். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். வழிகாட்டியான பியூலா அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு காலத்தில் அவரிடமே டிப்ளமா படித்தவள். 'மேடம்' என்று கூப்பிடும்போதெல்லாம் மனுஷனுக்கு நாக்கு தடுக்கும்.

அவர் செய்ய நினைத்தது சிலிக்கா ஏரோஜெல். மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். ஆனால் உள்ளே முக்கால்வாசிக்கு மேல் காற்று, கையில் வைத்தால் கனமே தெரியாது. கூழை வில்லை வில்லையாக உறையவைத்து, உள்ளிருக்கும் திரவத்தை மட்டும் வெளியேற்ற வேண்டும், உருவம் குலையக் கூடாது. சொல்வது சுலபம். அவருக்கு வருஷக்கணக்காகச் சுருங்கின வில்லைகள்தான் மிச்சம்.

"எப்பக் கொட்டினீங்க?"

"காலையில. ஓவனைத் திறந்தா, பார்க்கவே வெட்கமா இருந்துச்சு. பசங்க வர்றதுக்குள்ள கொட்டிட்டேன்."

"இந்தத் தடவைதானே முதல் முதலா உள்ளே பூச்சு ஏத்தினோம்?"

"ஏத்தி என்ன? அதே சுருக்கம்தான்."

அவள் எழுந்து தன் அறைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

அங்கே ஒரு சின்ன ஓவன். கண்ணாடிக் கதவுக்குள் ஒற்றை வில்லை.

"உங்க கூழ்ல ஒண்ணை நான் எடுத்து வச்சேன். லேட்டாத்தான் வச்சேன்."

அதுவும் சுருங்கிப் பாதியாகக் கிடந்தது.

"பாத்தீங்களா, இதுவும் போச்சு." அவர் கை கதவுக்குப் போனது.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா உட்கார்ந்தால் அவருக்கு அந்தப் பாலிடெக்னிக் லேப்தான் ஞாபகம் வரும். பியூலா முதல் வருஷம். டைட்ரேஷனில் ஒரு சொட்டு கூடிப்போய், இளஞ்சிவப்பில் நிற்க வேண்டிய கரைசல் நன்றாகச் சிவந்துவிட்டது. அவர் அந்தக் குடுவையைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினார். "உனக்கு இது வராதும்மா. தையல் கிளாசுக்குப் போ," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் குறுகிப்போய் நின்றாள். அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மறந்திருக்க வேண்டும் என்று அவர் சாமியை வேண்டிக்கொண்டதுண்டு.

வில்லையின் ஓரம் அசைந்த மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"விரியுதா?"

"விரியுது சார். பூச்சு இல்லேன்னா, சுருங்கும்போது உள்சுவரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிறகு பிரியாது. இதுல ஒட்டல. திரவம் போனதும் பழைய அளவுக்கு வந்துடும்."

இதை அவர் படித்திருந்தார். கண்ணால் பார்த்ததில்லை.

"அப்ப நான் காலையில கொட்டினது..."

"ரொம்பச் சுருங்கியிருந்த நேரத்துல பாத்துட்டீங்க."

சிவக்கொழுந்துக்குத் தலை தானாகக் குனிந்தது. காலையில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அன்னைக்கு லேப்ல, எல்லார் முன்னாடியும், உங்களை ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பின்ன எதுக்கும்மா என்னைச் சேத்துக்கிட்டே? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண் வில்லையின் மேலேயே இருந்தது.

"நீங்க சேர வந்தன்னைக்கு இங்க எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க சார், இவருக்கு இது வராதுன்னு."