சீட்டு ஒட்டாத கேள்வி

கூத்தைக் கேளுங்கள்! மலையூர்களுக்குப் பேருந்து நேரம் சொல்லும் சின்னச் செயலி ஒன்றைத் தனியாளாக நடத்திவந்தாள் சுடர்க்கொடி. அதை இழுத்து மூடச் சொல்லி ஒரு பெரிய நிறுவனம் வழக்குப் போட்டது. அந்தச் செயலி செய்வதுபோல, கேள்வி வருமுன்பே தரவுகளைத் தேடியெடுத்துத் தயாராக வைக்கும் வித்தைக்குக் காப்புரிமை அவர்களுடையதாம்!

நிறுவனத்தின் வக்கீல் ரங்கபாஷ்யம் புயலாக வாதாடினார். நீதிபதி எதைக் கேட்டாலும், வழக்குக் காகிதக் கட்டில் அவர் கைவைத்த மறுகணம் அதற்குரிய பக்கம் விரிந்தது.

வக்கீல் வைக்க வசதியில்லாத சுடர்க்கொடி தானே எழுந்தாள்.

“சார், எப்படி இவ்வளவு வேகமாக எடுக்கிறீர்கள்?”

வக்கீலுக்கு உச்சி குளிர்ந்தது. “நீதிபதி என்ன கேட்பார் என்று முதல் நாளே யோசித்து, பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டிவிடுவேனம்மா. முப்பது வருஷப் பழக்கம்!”

“உங்கள் கட்சிக்காரர் இந்த வித்தையைக் கண்டுபிடித்து எத்தனை வருஷம் சார்?”

“ஆறு...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூடமே சிரித்தது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “அப்படியானால் அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர் நீங்கள்தானே, வக்கீல் சார்?”

ரங்கபாஷ்யம் காகிதக் கட்டைப் புரட்டினார். வழக்கு தள்ளுபடியாகும்வரை புரட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் சீட்டு ஒட்டியிருக்கவில்லை.