லோடு தாங்கிய கார்டு

மட்டியூரில் சேவுகன், பூமாலை, அந்தோணிராசு மூவரும் கூட்டாக ஒரு கேம் சென்டர் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் படம் திக்கித் திக்கி ஓடியதால் பையன்களெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். கடையை மூட வேண்டியதுதான் என்று இருந்தபோது, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, கம்ப்யூட்டரில் படத்தைத் திக்காமல் ஓட்டும், மூன்று குட்டி ஃபேன் வைத்த விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை அனுப்பியது. சோதித்துச் சொன்னால் கார்டு அவர்களுக்கே.

கம்பெனி கோதை மேடம் போனில் சொன்னார்: "கொஞ்சம் கொஞ்சமா லோடு ஏத்திப் பாருங்க. நிழல், தண்ணியெல்லாம் தத்ரூபமா இருக்கான்னு பாருங்க. கடைசியா, உங்க பழைய கார்டோட ஒப்பிட்டுச் சொல்லுங்க."

கடையைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில்தான் என்று நினைத்தான் சேவுகன். கார்டைத் தரையில் வைத்து ஒரு நெல்மூட்டையை ஏற்றினான். அதன்மேல் பூமாலையை ஏற்றினான்.

'டொக்' என்றது.

"ஒடைஞ்சிருச்சோ?" என்றான் சேவுகன்.

"ஒடையிற சத்தம் வேற. இது தாங்குற சத்தம்" என்றான் மேலே இருந்த பூமாலை. மேலே இருப்பவனுக்குத் தெரியாதா?

அடுத்து கார்டை வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். நிழல் விழுந்தது. கறுப்பாகவே விழுந்தது. மூவருக்கும் பரம திருப்தி.

பிறகு வாளித் தண்ணீரில் முக்கினார்கள். அந்தோணிராசு குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"அடேயப்பா! தண்ணி அச்சு அசல் தண்ணி மாதிரியே இருக்குடா!"

மிச்சம் ஒப்பிடுவதுதான். பூமாலை வீட்டுக்கு ஓடி ரேஷன் கார்டை எடுத்து வந்தான்.

"இதைவிடப் பழைய கார்டு நம்ம ஊர்லயே கிடையாது."

ஈரம் சொட்டச் சொட்ட இரண்டையும் ரேஷன் கடையில் நீட்டினார்கள். கடைக்காரரும் மட்டியூர்க்காரர்தான். பழைய கார்டுக்கு அரிசி போட்டார். புதிய கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை ஃபேன் இருக்கு?"

"மூணு, சார்."

"மூணு ஃபேன் ஓடுற வசதியான குடும்பத்துக்கு அரிசி எதுக்குய்யா? சர்க்கரை மட்டும்தான்."

சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பொய் சொல்ல மனசு வரவில்லை. மேடத்துக்குப் போன் போட்டான்.

"நல்ல கார்டு மேடம். குறைன்னு பார்த்தா ஒண்ணுதான். அரிசி வராது."

"அரிசியா?" என்றார் மேடம்.

"மனசை விட்டுராதீங்க மேடம்" என்றான் சேவுகன். "சர்க்கரை வாங்கிட்டோம். உங்க பங்கைக் கூரியர்ல அனுப்பட்டுமா?"