கள்ளிவயல் கிணற்றுத் துப்பாக்கி

கோதண்டம் முப்பத்தோரு வருடம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைத் தடவிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவார் என்று துறையில் பேர். ஓய்வு பெற்ற மறு மாதம் மதுரையில் ரூபவதி நடத்திவந்த ஆய்வுக்கூடத்துக்குப் போய், "என்னை மாணவனாச் சேத்துக்கங்க மேடம்" என்று நின்றார்.

ரூபவதி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். பழைய ஆயுதங்களை அடையாளம் காண்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் வருடம் கள்ளிவயல் ஊராட்சித் தலைவி பேச்சியம்மா, ஒரு போலீஸ்காரரோடு சீல் வைத்த பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஒரு பழைய ரிவால்வர். ஊர்க் கிணற்றைத் தூர் வாரும்போது சுவர்ப் பொந்தில், செப்புக் குடத்துக்குள், எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்ததாம்.

"எங்க தாத்தா கருமலையான் வெள்ளைக்காரன்கிட்ட பறிச்சது சார்," என்றார் பேச்சியம்மா. "ராத்திரியில வெடிச் சத்தம் கேக்குதுன்னு போலீஸ் ஊரையே வளைச்சிருக்கு. இவரே போயி, நாந்தான் ஒரு துரைகிட்ட பறிச்சேன், ஆத்துல வீசிட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. நாலு வருசம் ஜெயில். ஆனா வீசலை, பாத்தீங்கல்ல."

எங்கே செய்தது என்று எழுத்தில் கொடுத்தால் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அனாமத்துத் துப்பாக்கி உருக்கப் போய்விடும்.

கோதண்டம் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இங்கிலாந்துச் சரக்கு," என்றார்.

பேச்சியம்மா நிமிர்ந்து நடந்து போனார்.

மூன்று நாள் கோதண்டம் புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். குழலின் நீளம் ஒன்றோடு பொருந்தினால் கைப்பிடி பொருந்தவில்லை. குழலிலிருந்த முத்திரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த அம்மாவிடம் அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

நாலாம் நாள் கேட்டார். "எந்தப் புத்தகத்துலயும் இல்லாத துப்பாக்கியை எப்படி மேடம் அடையாளம் காண்றது?"

ரூபவதி புத்தகங்களை ஒதுக்கிவிட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தார்.

"கழட்டுங்க."

"உள்ள என்ன இருக்கும்னு தெரியும் மேடம்."

"கழட்டுங்க."

கோதண்டம் கழற்றினார். ஒரே மாதிரி இருந்த இரண்டு திருகாணிகளைக் காட்டி, மாற்றிப் போடச் சொன்னார் ரூபவதி. ஏறவில்லை. இதன் மரை அதற்குச் சேரவில்லை.

"பிடியில என்ன மரம்?"

கோதண்டம் மூக்கருகே கொண்டுபோனார். நகத்தால் கீறினார். கறுப்பில் ஓடிய வெளிர்க் கோடுகளைப் பார்த்ததும் கை நின்றது. "பனை."

"ஸ்பிரிங்?"

தகட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். பல்லை அராவிய தடம். "ரம்பத்தை வெட்டிச் செஞ்சிருக்காங்க."

"எழுத்து?"

குழலில் இருந்த ஐந்து ஆங்கில எழுத்துகளில் ஒன்று தலைகீழாக நின்றது. ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாதவர் எதையோ பார்த்து வரைந்த எழுத்து.

கோதண்டம் பாகங்களை ஒவ்வொன்றாகத் துணியில் வைத்தார். ஒரு பட்டறை. ஒரு அரம். ஒரு ஆள். அத்தனை வருடக் கிடங்கு வேலையில் இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை.

"குண்டு போடுற ஆறு குழியும் குழலுக்கு நேரா வந்து நிக்குது மேடம்," என்றார். "மயிரிழை பிசகல."

"நாளைக்கு அந்த அம்மா வர்றாங்க. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலை பேச்சியம்மா வந்து உட்கார்ந்ததும் கோதண்டம் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. இது இங்கிலாந்துச் சரக்கு இல்லை. எந்த வெள்ளைக்காரன்கிட்டயும் பறிச்சதா இருக்க முடியாது. நம்ம பக்கத்துல, யாரோ ஒருத்தர் கையால செஞ்சது."

பேச்சியம்மாவின் முகம் வாடிவிட்டது. ஊரில் விழாவுக்குப் பந்தல் போடக்கூடப் பேசி முடித்திருந்தார்கள்.

"அப்போ எங்க தாத்தா சொன்னது பொய்யா?"

கோதண்டம் ரூபவதியைப் பார்த்தார்.

"தாத்தா என்ன வேலை பாத்தார்?" என்று கேட்டார் ரூபவதி.

"வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிப்பாரு. ஏரு, அரிவா எல்லாம் அவருதான்."

ரூபவதி கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க போலீஸ்ல இருந்தவர். பறிச்சேன், ஆத்துல வீசிட்டேன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா என்ன செய்வீங்க?"

"ஜெயில்ல போட்டுட்டு வழக்கை மூடுவோம்."

"நாந்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா?"

கோதண்டம் வாயைத் திறந்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாருக்குச் செஞ்சே, இன்னும் எத்தனை செஞ்சே, எவன் எவன்கிட்ட இருக்குன்னு கேப்போம். சொல்றவரைக்கும் விட மாட்டோம்."

பேச்சியம்மா மேசையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தார். தொடலாமா என்று கண்ணால் கேட்டார். கோதண்டம் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கறுத்த பனம்பிடியைக் கட்டைவிரலால் தடவினார்.

"சாகுறவரைக்கும் வீட்டுலகூட மூச்சு விடலை சார்," என்றார். கண் நிறைந்திருந்தது. ஆனால் வந்த அன்று இருந்ததைவிட இன்னும் நேராக உட்கார்ந்திருந்தார். "பறிச்சவர் பேத்தின்னு நெனச்சேன்."

"இதை உருக்கிடுவாங்களா மேடம்?" என்று கேட்டார் கோதண்டம்.

"தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு ஆயிரம் உடன்பிறப்பு இருக்கும். இது உலகத்துலயே ஒண்ணுதான். அருங்காட்சியகத்துக்கு நானே பேசிட்டேன், வாங்கிக்கறாங்க. அறிக்கையை எழுதுங்க."

கோதண்டம் எழுத உட்கார்ந்தார். செய்த இடம், செய்த முறை, பிடியின் மரம் எல்லாம் கடகடவென்று ஓடின. 'செய்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"கருமலையான்னு போடலாமா மேடம்?"

"அதுக்கு நம்மகிட்ட சாட்சி இருக்கா?"

"இல்லை." அவர் யோசித்தார். "அப்ப, 'தெரியவில்லை'ன்னு போட்டுடவா?"

ரூபவதி பேச்சியம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

"தெரியவில்லைன்னு எழுதாதீங்க சார். 'சொல்லவில்லை'ன்னு எழுதுங்க."