யானைக் காலடியில் ஒரு குளம்

காட்டு யானை ஒன்று சேற்றில் கால் பதித்துவிட்டுப் போனது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிறைந்தது. பூவரி என்ற தவளைக்கு இது போதாதா? அங்கேயே முட்டையிட்டாள். சில நாளில் கைப்பிடி மிளகை அள்ளிக் கொட்டியதுபோல் தலைப்பிரட்டைகள் துள்ளின!

"அம்மா, நம்ம குளம் எவ்ளோ பெரிசு!" என்றது மூத்தது. அதன் பெயர் குண்டு.

பூவரி சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு நிலைக்கவில்லை. மழை நின்று வெயில் ஏறியது. காலையில் விளிம்பைத் தொட்ட நீர் மாலையில் கீழே இறங்கியிருந்தது! நீர் வற்றுவதற்குள் பிள்ளைகளுக்குக் கால் முளைக்க வேண்டும். முளைத்தால் பக்கத்து ஓடைக்குத் தாவிப் போய்விடலாம். முளைக்காவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குப் பயம்.

பிள்ளைகளும் பயந்துவிடக் கூடாதே! அவள் ஒரு பெரிய தேக்கிலையை இழுத்துவந்து பள்ளத்தின் மேல் மூடினாள்.

"எல்லாரும் இலைக்கு அடியிலேயே விளையாடுங்க. ஓரத்துக்கு யாரும் போகக் கூடாது!"

"ஏம்மா?"

"அங்கே பூச்சாண்டி இருக்கான்!"

பக்கத்து வளையிலிருந்து நண்டக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன் தங்கச்சி, பிள்ளைங்களுக்கு இன்னுமா கால் வரலை? வாலை ஆட்டிக்கிட்டே திரியுதுங்க!"

"வரும் அக்கா, வரும். இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் எனக்கில்லைம்மா, அந்தச் சூரியனுக்கு!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க! பிள்ளைங்க காதுல விழுந்திடப் போகுது!"

விழுந்தே விட்டது! குண்டு நைசாக நழுவி ஓரத்துக்குப் போனது. பூச்சாண்டி யாரும் இல்லை. சேறு காய்ந்து வெடித்திருந்தது. வெயில் பட்ட ஓரத்தில் மட்டும் பாசி பச்சைப்பசேலென்று அப்பிக் கிடந்தது.

"அம்மா! குளம் சுருங்குது!"

பூவரிக்கு உயிரே போய்விட்டது. இனி மறைத்து என்ன பயன்?

"ஆமாம் கண்ணுங்களா. இந்தத் தண்ணி ரொம்ப நாள் இருக்காது. நீங்க பயந்திடுவீங்கன்னுதான் நான் சொல்லலை."

தலைப்பிரட்டைகள் அவளைச் சுற்றி நெருங்கி வந்தன. அழப்போகின்றன என்று பூவரி நினைத்தாள்.

"அப்படின்னா இந்த இருட்டுல நாம என்ன பண்ணிக்கிட்டு இருக்கோம்?" என்று கத்தியது குண்டு. "வாங்கடா! ஓரத்துல விருந்தே இருக்கு!"

அவ்வளவுதான்! குபுகுபுவென்று எல்லாம் ஓரத்துக்குப் பாய்ந்தன. அப்போதுதான் பூவரிக்கு உறைத்தது. இலை பயத்தை மட்டுமா மறைத்தது? கால் சீக்கிரம் முளைக்கத் தேவையான வெயிலையும் பாசியையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறது! ஒரே உதையில் இலையைத் தூரத் தள்ளினாள்.

பிள்ளைகள் வயிறு முட்டத் தின்றன. வெதுவெதுப்பான நீரில் பந்தயம் விட்டன. பாடின. சண்டை வந்தால் உடனே சமாதானமாயின. சிணுங்குவதற்கு யாருக்கு நேரம்? இப்படியே சில நாள் ஓடியது.

"எனக்குக் கால்!"

"எனக்கும்! எனக்கும்!"

கடைக்குட்டி சில்லுவுக்கு மட்டும் முன்னங்கால் வரவில்லை. தண்ணீரோ ஒரு கை அளவுதான் மிச்சம்!

"நீங்க போங்க," என்று விசும்பியது சில்லு.

"அட போடா! நாங்க வெளியே உட்கார்ந்துக்கிறோம். தண்ணியும் பாசியும் உனக்கே!" என்று எல்லாம் ஈரச் சேற்றில் ஏறிக்கொண்டன. "நண்டக்கா, கொஞ்சம் தோண்டுங்களேன்!"

"என்னையும் வேலை வாங்குறீங்களா, வாலறுந்த பசங்களா!" என்று திட்டிக்கொண்டே நண்டக்கா கொடுக்கால் தோண்டினாள். சிதறிக் கிடந்த நீரெல்லாம் அந்தக் குழியில் சேர்ந்தது. பூவரி சில்லுவின் பக்கத்திலேயே கிடந்தாள்.

பொழுது விடிந்தது. டப்பென்று சில்லுவின் முன்னங்கால்கள் வெளியே வந்தன!

"தாவுங்க!" என்று கூவினாள் பூவரி. புல்லுக்கும் சருகுக்கும் மேலாக ஒரே குதியாட்டம்! ஓடைக்கரையில் வந்து நின்றதும் சில்லு மூச்சு வாங்கக் கேட்டது: "அம்மா, இந்த ஓடையும் வற்றிடுமா?"

பூவரிக்குப் பழைய பயம் திரும்பியது. ஆனாலும் அவள் மறைக்கவில்லை.

"ஒருநாள் வற்றும் கண்ணு."

"அப்ப ஏன் கரையில நிக்கிறோம்?" என்றது சில்லு. தொப்பென்று குதித்தது! பின்னாலேயே எல்லாரும் குதித்தார்கள். பூவரிதான் எல்லாரையும்விட உயரமாகக் குதித்தாள்.

காலம் குறைவு என்பதை மறைத்து வைத்தால் வாழ்வும் சேர்ந்து மறைந்துபோகும். அதை அறிந்து ஏற்றவர்களே இருக்கும் நாட்களை நிறைவாக வாழ்வார்கள்.