மூன்று விரல் மனிதன்

தேரிக்காட்டுச் செம்மணல் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. அங்கே குருவாக இருந்தவள் பூரணி. அவளுடைய சீடர் இசக்கியப்பனுக்கு அவளைவிட வயது அதிகம். அவர் அவளைச் சாமி என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது.

அந்த வருஷம் ஆடிக்காற்றில் ஒரு மணல்மேடு இடம்பெயர்ந்து, அடியில் கிடந்த உடல் ஒன்று வெளியே வந்தது. எந்தக் காலத்து உடலோ, கருவாடாகக் காய்ந்திருந்தது. சின்ன உடல். கைக்கு மூன்றே விரல். தலை பின்பக்கம் சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது. தவசிமணி என்ற கண்காட்சிக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு, வானத்திலிருந்து இறங்கி வந்த மனிதன் என்று மைக்கில் கூவினார். வெளியூர் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, சுத்த ஒட்டுவேலை என்றார். இன்னொருவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டி, ஒட்டே இல்லை, இது வேற்றுலகத்து இனம் என்று சாதித்தார். டீக்கடை இரண்டு கட்சியாகிவிட்டது.

இசக்கியப்பன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் மகள் வடிவுக்கும் கைக்கு மூன்று விரல்தான். தலையும் அப்படியேதான். தாயில்லாமல் அவர் கையிலேயே வளர்ந்தவள், பள்ளிக்கூடம் போகும் முன்னே போய்விட்டாள். இதே தேரியில்தான் புதைத்தார்.

விஷயம் தவசிமணியின் காதுக்கும் எட்டியது. வடிவையும் தோண்டியெடுத்துப் பக்கத்தில் வைத்தால் உலகமே நம்பும் என்று வீட்டுக்கே வந்து நயமாகப் பேசினார். அப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விடிந்ததும் மண்வெட்டியோடு ஆட்கள் வருவார்கள்.

"சரின்னு சொல்லிரலாமான்னு இருக்கு, சாமி," என்றார் இசக்கியப்பன். "அது வானத்து ஆளுங்கிறது நெசம்னா, எம்பிள்ளை சாகலை. அவ ஆளுங்ககிட்ட திரும்பிப் போயிட்டா. அப்படி இருந்தா நல்லாத்தான இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்." பூரணி எழுந்து செருப்பை மாட்டினாள். "வாங்க, பாத்துட்டு வருவோம்."

சாமிக்கு டிக்கெட் வேண்டாம் என்று தவசிமணி வழிவிட்டார். உடலின் நடுப்பாகத்தில் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. அதைக் கொஞ்சம் விலக்கச் சொன்னாள் பூரணி. அதுக்கும் மானம் மரியாதை உண்டுல்லா என்று அவர் தயங்கினார். அவள் நகராமல் நிற்கவே, பெட்டியின் மூடியைத் தூக்கித் துணியை விலக்கினார்.

இடுப்பைச் சுற்றி மெல்லிசாக, கருப்பாக ஒன்று தெரிந்தது.

"இது என்ன?"

தவசிமணி யோசிக்கவே இல்லை. "அது அவங்க கிரகத்துக் கம்பி, சாமி. அது வழியாத்தான் தகவல் போகும்."

"எம்பேரனும் இடுப்புல அந்தக் கம்பியோடதான் திரியுதான்," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "சொன்ன தகவல் ஒண்ணும் அவன் மண்டைக்குப் போகக் காணோம்."

கூடாரம் சிரித்தது. இசக்கியப்பன் பெட்டியின் விளிம்பில் நெற்றி படக் குனிந்திருந்தார். அரைஞாண் கயிறு. அதுவும் ஒரே கயிறு இல்லை. துண்டு துண்டாகச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. பிள்ளை வளர வளர இடுப்பு இறுகிவிடாமல் யாரோ பார்த்துப் பார்த்து நீட்டியிருக்கிறார்கள்.

பூரணி துணியை மறுபடி இழுத்து மூடினாள்.

இருவரும் மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள். மணல் சுட்டது. பாதி வழியில் இசக்கியப்பனே ஆரம்பித்தார்.

"புதைக்கும்போது அந்தக் கயித்தை அறுக்கணும், சாமி. அதுதான் முறை."

"ஆமா."

"அறுக்காம விட்டிருக்காங்க."

"ஏன் விட்டாங்க?"

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். வடிவைக் குழியில் இறக்கும்போது தன் கையிலும் கத்தியைக் கொடுத்தார்கள் என்றார். நேரமாகுது, அறு என்று சொந்தக்காரர்கள் அதட்டினார்களாம். கயிற்றுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாராம்.

"கை வரலை," என்றார்.



மடத்து வாசலில் அவர் நின்றார். "தவசிமணிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அந்த முடிச்சைப் போட்டவங்க இன்னைக்கு வந்து அந்தப் பெட்டி முன்னால நின்னா, என்ன சொல்லுவாங்க?"

இசக்கியப்பன் கூடாரம் இருந்த பக்கம் திரும்பினார். "எல்லாரும் பாக்காங்க, பிள்ளையை மூடுங்கய்யான்னு சொல்லுவாங்க."

"அதையே சொல்லுங்க."

தலையாட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. வெயிலில் வெளுத்துக் கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஊரில் இந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டும், பாதி இறைத்த வாளியைப் பிடித்துக்கொண்டும்.

"அப்போ அவ அங்கே இல்லையா, சாமி?"

பூரணியும் அவர் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"அங்கே அவளுக்கு யாரு இருக்கா, அண்ணாச்சி?"