யேமா பூசிய வாசல்

அந்தக் காலத்தில் பறவையும் விலங்கும் பேசும். அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அவை பேசியதை மனிதன் நின்று கேட்டான் என்பதுதான் அதிசயம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, மழை நிறையப் பெய்கிற ஒரு மலைக்காடு இருந்தது. காட்டோரத்து ஊர்க்காரர்கள் மலைச்சரிவில் நெல் விதைத்துப் பிழைத்தார்கள். நெல்லுக்கு வெயில் வேண்டும். வெயில் வேண்டுமென்றால் கொஞ்சம் மரம் வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோடரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டுவார்கள். "யாராச்சும் குடியிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து "இருக்கோம்" என்று ஒரு குரல் வந்தால் போதும், அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். குரல் வராத மரத்தை மட்டும்தான் வெட்டுவார்கள். அடுத்தவர் வீட்டை இடித்து விதைத்த நெல் வயிற்றில் தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆகவே காடு காடாகவே இருந்தது. அங்கங்கே ஒரு துண்டு வயல் இருக்கும், அவ்வளவுதான். குரங்கும் அழுங்கு என்கிற எறும்புதின்னியும் பறக்கும் அணிலும் வௌவாலும் ஒரே மரத்தில் மாடிமாடியாகக் குடியிருந்தன. மதியத்தில் யாராவது வந்து தட்டுவார்கள், யாராவது ஒருவர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் தூக்கம் கலையாமல் புரண்டு படுப்பார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பெரிய இலவ மரத்துப் பொந்தில் இருவாச்சித் தம்பதி ஒன்று குடிவந்தது. கணவன் பெயர் போரி. மனைவி பெயர் யேமா. அப்போதெல்லாம் இருவாச்சியின் பொந்து மற்றப் பறவைகளின் பொந்தைப் போல வாய் திறந்துதான் இருக்கும். யேமா முட்டையிட்டு அடைகாத்தாள். போரி விடிந்ததும் அத்திப்பழம் தேடிப் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவான்.

போரி நல்ல உழைப்பாளி. அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சந்தேகம் என்று ஒன்று பிறந்ததே அவனுக்குத் துணையாகத்தான் என்று தோன்றும். பழம் புளித்தால் மரத்தைச் சந்தேகப்படுவான். இனித்தால், எதற்கு இவ்வளவு இனிக்கிறது என்று சந்தேகப்படுவான். கல்யாணத்துக்கு முன்பு அவன் கிளையில் தூங்கினவன். கிளையில் தூங்குகிற பிரம்மச்சாரியை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகோ மதியத்தில் வீட்டிலேயே இல்லை. அதனால் காட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஒருநாள் அத்தி மரத்தில் சாம்பல் கிளி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாம்பல் கிளி பொய் சொல்லாது. கேட்டதைக் கேட்டபடி, அதே குரலில் சொல்லும். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை மட்டும் விட்டுவிடும். அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் போதாதா?

"மாமா, உங்க வீட்டுக்கு யாரோ வந்து போறாப்ல இருக்கே" என்றது கிளி.

"யாரு?"

"யாருன்னு நான் பாக்கல. சத்தம்தான் கேட்டுது." கிளி கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. முதலில் கோடரி தட்டுகிற சத்தம். பிறகு ஓர் ஆணின் குரல்: "இருக்கியா தாயி?" அதன் பின்னால் அச்சு அசல் யேமாவின் குரல்: "இருக்கேன் அண்ணே. நாளைக்கு வந்தாலும் இருப்பேன்."

போரியின் வாயிலிருந்த பழம் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவன் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் யேமாவைக் கேட்டான்.

"யார் அந்த அண்ணன்?"

"தம்பா அண்ணனா? ஊர்க்காரர். மலைநெல் விதைக்கிறவர். மரம் வெட்டறதுக்கு முன்னாடி தட்டிக் கேட்பாங்க இல்ல, அதுக்கு வந்தார்."

"எனக்குத் தெரியாம உனக்கு ஏது அண்ணன்?"

"கேட்கிறவரை அண்ணேன்னு சொல்லாம வேற என்னங்க சொல்றது? கீழ் பொந்து அழுங்கும்தான் அண்ணேங்குது."

"கோடரி வெச்சிருக்கிறவன் எதுக்கு உன்கிட்ட கேட்கணும்? வெட்ட நினைச்சா வெட்டிட்டுப் போறான். கேட்கிறான்னா வேற ஏதோ இருக்கு."

"அவங்க வழக்கம் அது."

"நான் போன நேரமாப் பாத்து வர்றதும் வழக்கமா?"

யேமா எவ்வளவோ சொன்னாள். கீழ் பொந்து அழுங்கைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னாள். அழுங்கும் சொன்னது. அழுங்கு சொல்லச் சொல்ல, இதுவும் கூட்டு போலிருக்கிறது என்று போரிக்குத் தோன்றியது. சந்தேகப் புத்தி வந்துவிட்டால் சாட்சியும் குற்றவாளிதான்.

மறுநாளிலிருந்து அவன் பழம் தேடுவதைவிட ஆள் சேர்ப்பதில்தான் மும்முரமாக இருந்தான். மரம் மரமாகப் பறந்தான். வீட்டுத் தலைவர்கள் காதில் போட்டான்.

"ஒருத்தன் மதியத்துல வந்து ஒவ்வொரு மரமாத் தட்டறான். உள்ள யார் இருக்கா, யார் இல்லைன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறான். எதுக்குத் தெரிஞ்சிக்கணும்? இன்னிக்குத் தட்டுவான். நாளைக்கு வலையோட வருவான். நாமளே வாயைத் திறந்து 'இருக்கோம் இருக்கோம்'னு வீட்டு விலாசம் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

கேட்கும்போது நியாயம் போலத்தான் இருந்தது. ஆண் குரங்கு தலையைச் சொறிந்தது. பறக்கும் அணில் தன் குட்டிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லியும் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இனி யார் தட்டினாலும் மூச்சு விடக்கூடாது என்று அந்தச் சரிவு முழுவதும் பேசி முடித்துக்கொண்டது. கீழ் பொந்து அழுங்கும் ஊரோடு ஒத்துப்போயிற்று; யேமாவின் காதில் மட்டும் யாரும் போடவில்லை.

போரிக்கு அதுவும் போதவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒரு காலையில் அவன் யேமாவிடம் மிகவும் அன்பாகப் பேசினான்.

"பொந்துக்குள்ளேயே கிடந்து இளைச்சுப் போயிட்ட. இன்னிக்கு நீ போய் அத்தி மரத்துல வயிறாரச் சாப்பிட்டு வா. முட்டையை நான் பாத்துக்கறேன்."

யேமாவின் முகம் மலர்ந்துவிட்டது, பாவம். கோபம் தீர்ந்து மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தாள். சிறகை உதறிக்கொண்டு வெளியே வந்தவள் ஒரு நிமிடம் நின்றாள்.

"யாராவது தட்டினா மறக்காம இருக்கோம்னு சொல்லிடுங்க. மழைக்காலம் வருது, விதைக்கிற அவசரத்துல இருப்பாங்க."

"சொல்றேன், சொல்றேன். நீ போ."

அவள் போனதும் போரி முட்டைகள் மேல் உட்கார்ந்தான். வெளியே தெரியாதபடி அலகை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மதியத்தில் தம்பா தன் மைத்துனர்களுடன் சரிவில் ஏறினான். முதல் மரத்தைத் தட்டினான். பதில் இல்லை. அடுத்ததைத் தட்டினான். அதிலும் இல்லை. எப்போதும் பத்துக் குரல் வருகிற இடத்தில் இலை அசைகிற சத்தம்கூட இல்லை. தம்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னமோ சரியில்ல. காடே காலியாயிடுச்சா?" என்றான்.

மூத்த மைத்துனன் சிரித்தான். "எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் பழம் தேடிப் போயிருக்கும் மச்சான். நமக்கு யோகம். வெட்டுங்க."

மைத்துனர்கள் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பா இலவ மரத்தடிக்கு வந்தான். கோடரியைத் திருப்பித் தட்டினான்.

"இருக்கியா தாயி?"

உள்ளே போரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே குரல்! வாடா, வா. பதில் வராவிட்டால் என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். ரகசியம் ஏதாவது பேசுவாய். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

தம்பா காத்திருந்தான். மறுபடியும் தட்டினான்.

"தாயி, முட்டை இருக்குன்னு சொன்னியே. பொரிச்சுப் பறந்துட்டியா? இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

என்ன நடிப்பு என்று போரி நினைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலகு வரைக்கும் வந்ததோ என்னவோ, அவன் விழுங்கிவிட்டான்.

கோடரி விழுந்தது. மரம் முழுவதும் அதிர்ந்தது. பயமுறுத்தி வெளியே வரவழைக்கப் பார்க்கிறான் என்று போரி முட்டைகளை இறுக்கிக்கொண்டான். மறுபடி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அடிமரம் உளுத்துப்போன இலவம் அது, நிறைய வெட்டுத் தாங்கவில்லை. எங்கோ உள்ளே நார் கிழிகிற சத்தம் கேட்டபோதுதான் அவனுக்குப் புரிந்தது. இவன் வேறு எதற்கும் வரவில்லை. யேமா சொன்ன காரணத்துக்குத்தான் வந்திருக்கிறான்.

"இருக்கோம்!" என்று போரி கத்தினான். "நிறுத்து! இருக்கோம்!"

சரிவெங்கும் கோடரிச் சத்தம். அதில் அவன் குரல் யாருக்குக் கேட்கும்? மரம் சாய்ந்தது. அவனுக்குச் சிறகு இருந்தது, பறந்து வெளியே வந்துவிட்டான். முட்டைகளுக்கு ஏது சிறகு?

அத்தி மரத்திலிருந்து யேமா பார்த்தாள். தன் மரம் சரிவதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு வந்தாள். அவள் வருவதற்குள் மரம் விழுந்து புழுதியும் அடங்கிவிட்டது. பொந்து இருந்த இடம் பிளந்து கிடந்தது. மஞ்சள் கரு மரத்தூளில் ஊறிக்கொண்டிருந்தது. கீழ் பொந்து அழுங்கு சுருண்டபடியே செத்துக் கிடந்தது. சுற்றிலும் மற்ற மரங்களும் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும், விழுந்த பிறகு, குரங்கும் அணிலும் வௌவாலும் சிதறி ஓடின. ஓட முடிந்தவை ஓடின.

தம்பா கோடரியைக் கீழே போட்டான். போரியைப் பார்த்தான்.

"உள்ளேயா இருந்தே?"

"இருந்தேன்."

"ரெண்டு தடவை கேட்டேனே அப்பா. கெஞ்சிக் கேட்டேனே. ஏன் பேசல?"

போரி தலையைக் குனிந்துகொண்டான்.

தம்பா முட்டை ஓட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். மைத்துனனோ எரிச்சலோடு கோடரியைத் துடைத்தான்.

"எதுக்கு மச்சான் அழறீங்க? தப்பு நம்ம மேல இல்ல. இருந்தாலும் பேச மாட்டேங்குதுங்க, இல்லாட்டாலும் பேசாது. இதுங்களை நம்பி இனிமே ஒவ்வொரு மரத்துக்கும் நின்னு கேட்டுக்கிட்டு இருக்கிறதா? நம்மளைக் குத்தவாளி ஆக்கறதுக்குன்னே சும்மா இருந்துச்சுங்களோ என்னமோ."

பாருங்கள், சந்தேகம் இவ்வளவு சீக்கிரம் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. தம்பா வீட்டுக்குப் போய்விட்டான். அதன் பிறகு அவன் கோடரியைத் தொடவில்லை என்று சொல்கிறார்கள். மைத்துனர்கள் தொட்டார்கள். தட்டவில்லை, கேட்கவில்லை, வெட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வெட்டினார்கள். துண்டு வயல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெட்டவெளி ஆயிற்று. காடுதான் இப்போது துண்டு துண்டாக நின்றது.

யேமா அழுது முடித்துவிட்டு ஆற்றுக்கு அப்பால் மிச்சமிருந்த ஒரு துண்டுக் காட்டில் வேறு பொந்து தேடினாள். போரி பின்னாலேயே போனான். எவ்வளவோ மன்னிப்புக் கேட்டான். அவள் ஈர மண்ணை அலகில் எடுத்து வந்து பொந்துக்குள் சேர்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பூசத் தொடங்கினாள்.

"என்ன பண்ற யேமா? கதவு வெக்கிறியா?"

"கதவு வெச்சா யாராவது திறக்கலாம். இது சுவரு."

"தம்பா மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு பயமா?"

அவள் பூசுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "கோடரி வெச்சிருந்தவர் என்னை நம்பிக் கேட்டார். நான் சொன்னா போயிடுவார். நான் சொன்னதை நம்பாதது நீங்கதான். இந்தச் சுவரு உங்களுக்குத்தான்."

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்றான் போரி.

"அலகு நுழையற அளவுக்கு ஒரு சந்து விடறேன். பழம் கொண்டு வந்து குடுங்க. குஞ்சு வளர்ற வரைக்கும் நான் வெளிய வர மாட்டேன், நீங்களும் உள்ள வரக்கூடாது. யார் வந்தாலும் பதில் சொல்றது இனிமே உங்க வேலை. அன்னிக்கு ஒரு தடவை சொல்லாததை நாள் பூரா சொல்லுங்க."

அதற்குள் மண் அவள் முகம் வரை ஏறிவிட்டது. கடைசியில் மெல்லிய சந்து ஒன்றுதான் தெரிந்தது.

அன்று தொடங்கியதுதான் இது. பெண் இருவாச்சி அடைகாக்கும்போது பொந்தின் வாயைத் தானே உள்ளிருந்து மண்ணால் அடைத்துக்கொள்கிறது. பார்க்கிறவர்கள், சந்தேகக்காரக் கணவன் மனைவியைப் பூட்டி வைத்திருக்கிறான் என்று பேசிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். அவன்தான் வெளியே நிறுத்தப்பட்டவன். பழத்தை அந்தச் சந்தில் ஊட்டிவிட்டு, காட்டுக்கு மேலே பறந்து பறந்து, இருக்கோம், இருக்கோம் என்று தொண்டை கிழியக் கத்துகிறான். கேட்பதைத்தான் நாம் நிறுத்திவிட்டோம்.