ஒரு குடுக்கையின் விலை

மலையடிவாரத்து இலுப்பைத் தோப்பில் தேனம்மை என்றொரு கரடி இருந்தாள். பங்குனி பிறந்து இலுப்பைப்பூ உதிரத் தொடங்கினால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. பூவைப் பொறுக்கிச் சுனைத் தண்ணீரில் ஊறப்போடுவாள். மலைத்தேன் கலந்து, இருபது நாள் காத்திருந்து, ஒரு தேறல் இறக்குவாள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். தேனம்மையின் தேறலைக் குடித்தவர்கள் ஆலை இருக்கிற ஊரையே மறந்துவிடுவார்கள்.

அந்தத் தேறலைப் பெரிய சுரைக்குடுக்கைகளில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்து விற்பாள். ஒரு குடுக்கைக்கு அறுபது அத்திப்பழம். அறுபது பழத்தை யாரால் தனியாகச் சேர்க்க முடியும்? நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்துதான் வாங்க வருவார்கள். மெழுகை உடைத்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அதனால் சுனைக்கரையில் வட்டமாக உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை ஒன்றாகவே குடிப்பார்கள்.

மற்ற நாளில் காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் ஏழாம் பொருத்தம். கிழங்குக்காக அவர்கள் முட்டிக்கொள்ளாத வாரமில்லை. ஆனால் குடுக்கையின் மெழுகு உடைந்து நுரை பொங்கும்போது, காட்டுப்பன்றி கொஞ்சம் நகர்ந்து முள்ளம்பன்றிக்கு இடம் விடுவான். தேனம்மை வருஷா வருஷம் இதைப் பார்ப்பாள். வருஷா வருஷம் வாயைப் பிளப்பாள். தன் தேறலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று விரலை விட்டு நக்கிப் பார்ப்பாள். இனிப்பைத் தவிர ஒன்றும் பிடிபடாது.

அந்தக் காட்டில் மிளகன் என்றொரு மரநாய் இருந்தான். பனைமரம் பனைமரமாக ஏறி, கட்டியிருந்த கலயத்தில் கள் திருடிக் குடித்து வளர்ந்தவன். குடிப்பதில் அவனுக்குத் தெரியாதது இல்லை. உழைப்பதில் தெரிந்தது ஒன்றும் இல்லை. ஒரு சித்திரையில் அவன் தேனம்மையிடம் வந்தான். இவ்வளவு அருமையான சரக்கை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு எட்டுக் குடுக்கை விற்கிறாயே என்று அங்கலாய்த்தான். ஒரு குடுக்கைத் தேறலைப் பன்னிரண்டு மூங்கில் குழாயில் ஊற்றி மெழுகால் அடைக்கலாம், குழாய்க்குப் பத்துப் பழம் வைத்தால் போதும் என்றான்.

தேனம்மை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அறுபது பழத்துக் குடுக்கை நூற்றிருபது பழமா ஆயிடுதேடா. அதே தேறலுக்கு ரெண்டு மடங்கு எவன் தருவான்?"

"அறுபதுன்னா மலைப்பாங்கக்கா. பத்துன்னா, பத்துதானேன்னு எடுத்து நீட்டுவாங்க. யாரும் பெருக்கிப் பாக்க மாட்டாங்க."

அவன் சொன்னது அப்படியே நடந்தது. காட்டுப்பன்றி காலையில் மூன்று குழாய் வாங்கினான்; மாலையில் வந்து இன்னும் இரண்டு வாங்கினான். அரைக் குடுக்கைகூட ஆகாத தேறலுக்கு ஐம்பது பழம் கொடுத்துவிட்டு, மலிவு மலிவு என்று சொல்லிக்கொண்டு போனான். கூட்டத்தில் நாலு சொட்டு நக்குகிற அணில், தனக்கே தனக்கென்று ஒரு குழாயை வாங்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. தேனம்மைக்குத் தலை சுற்றியது. தேறலும் அதேதான், நாக்கும் அதேதான். பாத்திரம் சிறுத்ததும் பழம் பெருத்துவிட்டதே! இது என்ன மாயமோ என்று அவள் வியந்து மாளவில்லை.

பாறையில் உலர்த்திய அத்திப்பழம் அவளுடைய இரண்டு குட்டிகளின் உயரத்துக்குக் குவிந்தது. குட்டிகள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடின. சுனைக்கரையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அவரவர் குழாயோடு அவரவர் வளைக்குப் போய்விட்டார்கள். தேனம்மையும் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். ஆனால் மூங்கில் வெட்டவே அவளுக்கு நேரம் போதவில்லை.

வைகாசியில் ஒரு பேய்க்காற்று அடித்தது. மேட்டிலிருந்த பெரும்பாறை உருண்டு வந்து சுனையின் கண்ணை அடைத்துக்கொண்டது. இரண்டே நாளில் சுனை வறண்டது. பாறையை நகர்த்தக்கூடிய யானைகளோ கோடைக்காக ஆற்றோரம் போய்விட்டன. ஆறு மூன்று நாள் நடை. அந்த வெயிலில் குட்டிகள் அவ்வளவு தூரம் நடந்தால் உயிரோடு போய்ச் சேராது. மலைபோல் கிடந்த அத்திப்பழத்தில் ஒன்றை வாயில் வைத்தால் தொண்டையில் இறங்கவில்லை. சின்னக் குட்டி அதைத் துப்பிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

தேனம்மை ஒவ்வொரு வளையாகப் போய்ப் பாறையைத் தள்ளக் கூப்பிட்டாள். தண்ணீருக்கு வேறு இடத்தில் தோண்டிக்கொள்கிறேன் என்றான் காட்டுப்பன்றி. அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றான் முள்ளம்பன்றி. கடமான் கொம்பு வலிக்கிறது என்றது. மிளகன்தான் மறுபடி யோசனை சொன்னான்: பாறையைத் தள்ள வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு குழாய் இனாம்!

வந்தார்கள். விடியலில் காட்டுப்பன்றி வந்து மூச்சு முட்டத் தள்ளினான், குழாயை வாங்கிக்கொண்டு போனான். உச்சிவெயிலில் முள்ளம்பன்றி வந்தான், தள்ளினான், போனான். சாயங்காலம் கடமான் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் உண்மையாகவே தள்ளினார்கள். குழாய் தீர்ந்தது. பாறை ஓர் எள்ளளவும் அசையவில்லை.

தேனம்மை பாறையடியில் உட்கார்ந்து அன்று வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். பாறையையும் குழாய் குழாயாக அல்லவா விற்றிருக்கிறோம் என்று அவளுக்குச் சுரீர் என்றது. குகைக்கு ஓடினாள். பிரித்து ஊற்றாமல் விட்டிருந்த ஒரே ஒரு குடுக்கை அங்கே கிடந்தது. மறுநாள் காலையில் அதைத் தூக்கிவந்து பாறையின் உச்சியில் வைத்தாள்.

தேறல் வாசனைக்குக் காட்டுப்பன்றி முதலில் வந்தான். என்ன விலை என்று கேட்டான்.

"இந்தப் பாறைதான் விலை. இதை நகர்த்திட்டு எடுத்துக்கோ."

"பாதி தர்றியா? என்னால ஆனமட்டும் தள்றேன்."

"பாதியெல்லாம் கிடையாது. முழுசுதான்."

"தனியாளா இதை எப்படி நகர்த்துறது?"

"எந்தக் குடுக்கையை நீ தனியா வாங்கியிருக்கே, தம்பி?"

காட்டுப்பன்றி குடுக்கையைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்து, முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்று கூப்பிட்டான்.

அதன்பிறகு ஆள் சேர அதிக நேரம் ஆகவில்லை. காட்டுப்பன்றி மூக்கால் அடிமண்ணைக் கிளறினான். முள்ளம்பன்றி பக்கத்தில் குழி பறித்தான். அணில் இடுக்கில் புகுந்து சரளைக்கல்லைத் தள்ளியது. கடமான் கொம்பைக் கொடுத்தது. மிளகன்கூடக் கையைக் கொடுத்தான். அவன் உள்ளங்கை கன்றிப்போனது அன்றுதான் முதல் தடவை. தேனம்மை குடுக்கையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்தாள். ஊர் கூடினால் தேர் நகரும் என்பது பொய்யில்லை. பாறை ஒரு முறை முனகியது. அசைந்தது. புரண்டது.

முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு பூமியே வாய் திறந்ததுபோல் தண்ணீர் பீறிட்டது. எத்தனையோ நாள் குடித்த தண்ணீர்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். குட்டிகள் பாய்ந்து வந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டன. அவற்றின் பக்கத்தில் காட்டுப்பன்றி குனிந்தான். முள்ளம்பன்றி தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

தேனம்மை அதைக் கவனித்தாள். அவள் திரும்பிக் குடுக்கையைப் பார்த்தாள். மெழுகு அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் விரலை விட்டு நக்கித் தேடியது தேறலில் இல்லவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று மாலை அந்தக் குடுக்கையை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள். வழிப்போக்கர்களுக்காகத் தேனம்மை இன்றும் குழாயில் விற்கிறாள். உள்ளூர்க்காரர்கள் கேட்டால் மட்டும், குடுக்கைதான் என்று சொல்லிவிடுகிறாள்.

பிரித்து விற்றால் பழம் குவியும். சேர்ந்து நின்றால்தான் பாறை நகரும்.